மலைக்கும் கரும்புக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு: மாபுமுலோவின் நிலம், மக்கள், உள்ளாட்சி

முன்னுரை

தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நேட்டால் கடற்கரையின் கரும்புத் தோட்டங்களில் தொடங்கி, டர்பன் நகரத்தில் முடிகின்றன. கப்பல், தோட்டம், கோயில், பள்ளி, போராட்டம் என்னும் வரிசையில் அவ்வரலாறு சொல்லப்படுகிறது. கரும்புக் காட்டின் மேற்கெல்லைக்கு அப்பால் எழும் மலைகளும் அவற்றில் வாழ்ந்த சூலு மக்களும் அதில் பின்புலக் காட்சியாகவே நின்றுவிடுகின்றனர். தமிழர் நேட்டாலுக்கு ஏன் அழைத்துவரப்பட்டனர் என்னும் வினாவுக்குரிய விடையின் பாதி அம்மலைகளில்தான் இருக்கிறது.

இக்கட்டுரை அத்தகைய மலைப்பகுதிகளுள் ஒன்றான மாபுமுலோவை எடுத்துக்கொள்கிறது. இது இன்று குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் இலெம்பே மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் உள்ளாட்சிப் பகுதி. இங்கே தமிழ்க் குடியிருப்பு என்று சுட்டத்தக்கது எதுவும் இல்லை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இம்மலைக்கும் கடற்கரைக்கும் இடையே இடப்பட்ட எல்லைக்கோடே ஒருபுறம் மாபுமுலோவையும் மறுபுறம் நேட்டால் தமிழரையும் உருவாக்கியது என்பதும், அக்கோடு இன்றைய உள்ளாட்சி அமைப்பிலும் அழியாமல் நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இங்குச் சொல்லாட்சி பற்றி ஒன்று கூறவேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் நாட்டின் முழு நிலப்பரப்பும் உள்ளாட்சி மன்றங்களுக்குள் அடங்குகிறது. காடும் மலையும் வயலும்கூட ஏதேனும் ஒரு மன்றத்தின் எல்லைக்கு உட்பட்டவையே. ஆகவே, நகரத்தை மட்டும் குறிக்கும் 'நகராட்சி' என்னும் தமிழ்ச்சொல் இதற்குப் பொருந்தாது. நம் ஊராட்சி, ஒன்றியம், பேரூராட்சி ஆகியவற்றின் பணிகள் பலவற்றை ஒருங்கே ஏற்ற ஓர் அமைப்பு இது. இதனை 'உள்ளாட்சி மன்றம்' என்றே இக்கட்டுரை குறிக்கிறது.

நிலமும் மக்களும்

வடக்கே துகேலா ஆறும் தெற்கே உம்வோட்டி ஆறும் பாய, இடையில் செங்குத்தான முகடுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுமாக விரிகிறது மாபுமுலோ. கடற்கரையை அடுத்த குவாடுகூசா நகரிலிருந்து கிரேடவுன் நோக்கிச் செல்லும் ஆர்74 நெடுஞ்சாலை கரும்புச் சரிவுகளைக் கடந்து இம்மலைகளில் ஏறி, கிரான்ஸ்கோப் வழியாக உள்நாட்டை அடைகிறது. வீடுகள் தெருவாக அமையாமல் முகடுதோறும் சரிவுதோறும் தனித்தனி வளாகங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. 'உமுசி' எனப்படும் இவ்வளாகமே சூலு சமூகத்தின் அடிப்படை அலகு. குடும்பத்தலைவரின் வீடு, மனைவியர் வீடுகள், நடுவில் கால்நடைத் தொழுவம் என்பது அதன் மரபான அமைப்பு. இச்சிதறிய குடியிருப்பு முறை வரி விதித்த குடியேற்ற அரசுக்கும், குழாயும் சாலையும் அமைக்க வேண்டிய இன்றைய அரசுக்கும் வெவ்வேறு வகையில் சவாலானது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இலெம்பே மாவட்டத்தில் 6,06,809 மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் குவாடுகூசாவில் 2,31,187 பேர், என்டுவெட்வேயில் 1,40,820 பேர், மண்டேனியில் 1,38,078 பேர், மாபுமுலோவில் 96,724 பேர். மாபுமுலோவின் பரப்பு 896 சதுர கிலோமீட்டர். குவாடுகூசாவின் பரப்பு 735 சதுர கிலோமீட்டர். எனவே மலைப்பகுதியில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 108 பேரும், கடற்கரையில் சுமார் 315 பேரும் வாழ்ந்தனர். மாபுமுலோவின் மக்கள்தொகை 2001ஆம் ஆண்டில் இருந்ததைவிடக் குறைந்துள்ளது. ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி. வேலை தேடிக் கடற்கரைக்கும் டர்பனுக்கும் பெயர்ந்தோர் பலர் என்பதையே இவை காட்டுகின்றன. இங்கு வாழ்வோர் ஏறத்தாழ அனைவரும் சூலு மொழியினர். குவாடுகூசாவிலோ இந்திய வம்சாவளியினர் கணிசமாக வாழ்கின்றனர். ஒரே மாவட்டத்தின் அடுத்தடுத்த இரு பகுதிகளிடையே இத்துணை வேறுபாடு இயற்கையால் மட்டும் நேர்ந்ததன்று.

ஒதுக்கு நிலமும் ஒப்பந்தக் கூலியும்

1840களில் நேட்டால் பிரித்தானியக் குடியேற்ற நாடானபோது துகேலா ஆறு சூலு அரசுக்கும் அக்குடியேற்றத்துக்கும் எல்லையாயிற்று. 1845இல் பதவியேற்ற தியோஃபிலஸ் ஷெப்ஸ்டன், ஆப்பிரிக்க மக்களை ஆளும் பொறுப்பை ஏற்றார். 1846-47இல் செயற்பட்ட நிலக்குழு அவர்களுக்கென 'ஒதுக்கு நிலங்களை' வரையறுத்தது. சமவெளியும் கடலோரமும் பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகள் வசமாயின. கரடுமுரடான மலைகள் பெரும்பாலும் ஒதுக்கு நிலங்களாயின. துகேலாவுக்கும் உம்வோட்டிக்கும் இடைப்பட்ட மலைகளின் பெரும்பகுதி அவ்வாறு ஒதுக்கப்பட்டது.

படையும் பணமும் குறைந்த அரசு, மரபுவழித் தலைவர்களைக் கொண்டே அம்மக்களை ஆண்டது. 'இன்கோசி' எனப்படும் குடித்தலைவர், அவருக்குக் கீழ் 'இந்துனா' எனப்படும் ஊர்ப்பொறுப்பாளர், அவர்களுக்கு மேல் வெள்ளை மாஜிஸ்திரேட், அனைவருக்கும் மேல் 'தலைமைத் தலைவர்' என்னும் பட்டத்துடன் ஆளுநர் என ஏணிப்படி முறை அமைந்தது. தலைவர் இல்லாத இடங்களில் அரசே தலைவர்களை நியமித்தது. மரபு என்று இன்று சுட்டப்படுவதன் ஒரு பகுதி, இவ்வாறு அரசால் வடிவம் பெற்றது என்பது கருதத்தக்கது.

1849இல் ஒரு வீட்டிற்கு 7 ஷில்லிங் வீதம் குடிசை வரி விதிக்கப்பட்டது. 1875இல் அது 14 ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது. 1856ஆம் ஆண்டுச் சாசனம் ஆப்பிரிக்க மக்களின் நலனுக்கென ஆண்டுக்கு 5,000 பவுன் மட்டும் ஒதுக்கியது. மலையிலிருந்து திரட்டப்பட்டதில் மலைக்குத் திரும்பியது சிறுபகுதியே. பள்ளி, மருத்துவம் ஆகியவற்றைச் சமயப் பணியாளர்களே பெரிதும் ஏற்றனர். நார்வே நாட்டு லூத்தரன் பணியாளர் ஷ்ரோய்டர் 1850இல் நிறுவிய உம்புமுலோ நிலையம் இப்பகுதியில்தான் உள்ளது.

இவ்வரி மக்களைக் கூலி வேலைக்குத் தள்ளும் எனத் தோட்ட முதலாளிகள் எதிர்பார்த்தனர். ஆனால் உழ நிலமும் மேய்க்க மாடும் இருந்தவரை சூலு மக்கள் வரிக்கு வேண்டிய பணத்தைத் தானியமும் கால்நடையும் விற்றே ஈட்டினர். ஆண்டு முழுவதும் ஒரே தோட்டத்தில் அடிமைபோல் உழைக்க அவர்கள் உடன்படவில்லை. ஒதுக்கு நிலங்களே தொழிலாளர் பஞ்சத்துக்குக் காரணம் என முதலாளிகள் முறையிட்டனர். அவற்றைச் சுருக்குமாறு வற்புறுத்தினர். அரசு கண்ட மாற்றுவழி இந்திய ஒப்பந்தக் கூலி முறை. அதற்கான சட்டம் 1859இல் இயற்றப்பட்டது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை வந்தோர் தொகை 1,52,184. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர்.

ஆக, ஒதுக்கு நிலமும் ஒப்பந்தக் கூலியும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல. ஒரே நிலக்கொள்கையின் இரு விளைவுகள். மலையில் இருந்தவர்கள் தோட்டத்துக்கு இறங்க மறுத்ததால்தான் கடல் கடந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். நம் முன்னோர் நேட்டாலில் கால்வைத்ததற்குப் பின்னே மாபுமுலோ போன்ற மலைகளில் வாழ்ந்த மக்களின் இம்மறுப்பு இருந்தது.

இரு வரிகள்

ஒப்பந்தக் கூலியின் தொடக்க ஊதியம் மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு 6 பவுன். 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம், ஒப்பந்தம் முடிந்தபின் தாயகம் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தத்தில் சேராமலும் தங்குவோர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. முதலாண்டு ஊதியத்தில் சரிபாதி இது. பத்தாண்டுகள் கழித்து, 1905இல், குடிசை வரி கட்டுவோர் போன்ற சிலர் நீங்கலாக வயது வந்த ஆண்கள்மீது 1 பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. இதன் சுமை மணமாகாத சூலு இளைஞர்மீதே மிகுதியாக விழுந்தது.

இவ்விரு வரிகளுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. வரி கட்டியவர்க்கு வாக்கு இல்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்பிரிக்கரை வாக்குரிமையிலிருந்து ஏறத்தாழ முழுமையாக விலக்கியது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரை விலக்கியது.  ஒரு சாரார் தோட்டத்தை விட்டு நீங்காதிருக்கவும், மறுசாரார் மலையை விட்டு இறங்கவும் வரியே கருவியாயிற்று.

1906: மாபுமுலோ எழுச்சி

தலைவரி வசூல் 1906 தொடக்கத்தில் ஆரம்பமானது. மாபுமுலோவில் இன்கோசி ஙோபிசெம்பேயின் மக்கள் மாஜிஸ்திரேட்டை எதிர்த்துநின்றனர். மார்ச்சில் அரசுப்படை அத்தலைவரின் குடியிருப்பைப் பீரங்கியால் தாக்கியது. ஜூன் 10ஆம் நாள் துகேலாவுக்கு வடக்கே மோமே பள்ளத்தாக்கில் பம்பத்தாவின் படை அழிக்கப்பட்டது. கிளர்ச்சி முடிந்தது எனக் கருதப்பட்ட வேளையில், அம்மாதத்தின் பிற்பகுதியில் மாபுமுலோ எழுந்தது. சூலு அரச குலத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த இண்ட்லோவு, குவாபே மக்களின் தலைவர் மெசேனி ஆகிய இருவரும் இதில் முதன்மையானோர். ஜூலை 8ஆம் நாள் இசின்சிம்பா பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். கிளர்ச்சி முழுவதிலும் இறந்த ஆப்பிரிக்கர் 3,000க்கு மேற்பட்டோர். வெள்ளையர் சுமார் இரண்டு டஜன் பேர். 1907இல் இவ்விரு தலைவர்களும் பிறரோடு செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1910இல் திரும்பினர்.

இண்ட்லோவு பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. எழுச்சிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அரசு அலுவலர் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் அவரிடம் சூலு வரலாற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதே ஸ்டுவர்ட் 1913இல் இக்கிளர்ச்சியின் வரலாற்றை அரசின் நோக்கிலிருந்து நூலாக வெளியிட்டார். ஆயினும் அவர் தொகுத்து வைத்த வாய்மொழிக் குறிப்புகள் இன்று 'ஜேம்ஸ் ஸ்டுவர்ட் ஆவணம்' என அச்சேறியுள்ளன. அதனால் மாபுமுலோ தலைவரின் குரலை நாம் ஓரளவேனும் கேட்கமுடிகிறது.

சுமந்தவர் பெயர்கள்

இவ்வெழுச்சியின்போது காயம்பட்டோரைச் சுமக்கும் இந்தியப் படைப்பிரிவு ஒன்று காந்தியின் தலைமையில் ஜூன் இறுதியில் ஸ்டாங்கர் வழியாக மாபுமுலோவுக்கு வந்தது. ஸ்டாங்கர் என்பது இன்றைய குவாடுகூசா. ஒட்டிமாட்டி பள்ளத்தாக்கு உள்ளிட்ட இடங்களில் சில வாரங்கள் அது பணியாற்றியது. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் வெளியிட்ட பட்டியலில் காந்தியைத் தவிர 20 பெயர்கள் உள்ளன. காந்தி தம் தன்வரலாற்றில் 24 பேர் என்கிறார். நால்வர் குஜராத்தியர், ஒருவர் பட்டாணியர், ஏனையோர் ஒப்பந்தக் கூலியிலிருந்து விடுபட்ட தென்னிந்தியர் என்றும் கூறுகிறார். பட்டியலில் வடநாட்டுப் பெயர்களும் சில காணப்படுவதால் அக்கூற்றை முழுமையாக ஏற்க இயலாது. எனினும் அப்பாசாமி, முத்துசாமி, குப்புசாமி, ஆழ்வார் என்னும் பெயர்கள் அதில் தெளிவாக உள்ளன.

இவர்கள் சுமந்தவர்களும் மருந்திட்டவர்களும் யாவர்? போரில் குண்டடிபட்டோர் சிலரே என்றும், சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டுக் கசையடியால் புண்பட்டுச் சீழ்வைத்துக் கிடந்த சூலு மக்களே பலர் என்றும், வெள்ளைச் செவிலியர் அவர்களைத் தொட விரும்பவில்லை என்றும் காந்தி எழுதுகிறார். 3 பவுன் வரியின் நிழலில் வாழ்ந்தவர்கள், 1 பவுன் வரியை எதிர்த்ததற்காக அடிபட்டவர்களின் புண்களைக் கழுவினர். ஆனால் இதனைத் தோழமை என்று புனைந்துரைப்பது வரலாறாகாது. அப்படைப்பிரிவு அரசின் பக்கம் நின்றே சேவை செய்தது. பேரரசுக்கு விசுவாசம் காட்டினால் உரிமை கிட்டும் என்பதே அப்போது காந்தியின் நிலைப்பாடு.

இங்கு நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நிறுத்தப்பட்டன. முத்துசாமியும் குப்புசாமியும் மாபுமுலோ மலைகளில் நடந்தபோது அவ்விதழில் அவர்களுடைய மொழிக்குப் பக்கம் இல்லை. அவர்கள் கண்டதைக் காந்தியின் எழுத்து வழியாகவே அறிகிறோம். பட்டியலில் அவர்கள் பெயர்களாக மட்டும் நிற்கின்றனர். தோற்ற தலைவரான இண்ட்லோவுவின் மொழி ஏட்டில் உள்ளது. அவருடைய மக்களைச் சுமந்த தமிழரின் மொழி அதில் இல்லை.

தலைவரும் மன்றமும்

3 பவுன் வரி 1913ஆம் ஆண்டுப் பெருவேலைநிறுத்தத்தின் பயனாக 1914இல் நீக்கப்பட்டது. மலையில் தலைவர்வழி ஆட்சி நீடித்தது. 1951ஆம் ஆண்டின் பாண்டு அதிகாரிகள் சட்டம் அதனை இனஒதுக்கல் அரசின் உறுப்பாக்கியது. 1972இல் குவாசூலு சட்டமன்றம் அமைந்தது. 1977இல் குவாசூலு தன்னாட்சித் தாயகமாயிற்று. தலைவரின் ஊதியமும் பதவியும் அரசின் கையில் இருந்தன. இதன் பொருளைக் கடற்கரை மக்கள் நன்கறிவர். ஸ்டாங்கரை அடுத்த குரூட்வில் மக்களின் தலைவராக 1936இல் பொறுப்பேற்ற ஆல்பர்ட் லுத்துலி, ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசை விட்டு விலக மறுத்ததால் 1952இல் அரசால் பதவி நீக்கப்பட்டார். 1960ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

1994 ஏப்ரலில், முதல் பொதுத்தேர்தலுக்குச் சில நாள் முன்னர், குவாசூலு நிலங்கள் சூலு மன்னரைத் தனி அறங்காவலராகக் கொண்ட இங்கொன்யாமா அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டன. அதன் பரப்பு ஏறத்தாழ 28 லட்சம் ஹெக்டேர். மாகாண நிலத்தில் சுமார் 30 விழுக்காடு. மாபுமுலோவின் பெரும்பகுதி இதில் அடங்கும். 1847இல் வரையப்பட்ட ஒதுக்கு நிலக்கோடு இவ்வாறு மக்களாட்சிக் காலத்துக்குள்ளும் நுழைந்தது.

2000 டிசம்பர் 5ஆம் நாள் நடந்த உள்ளாட்சித் தேர்தலோடு இன்றைய மாபுமுலோ மன்றம் செயற்படத் தொடங்கியது. உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வட்டாரங்களிலிருந்தும், மீதிப்பேர் கட்சிப் பட்டியலிலிருந்து விகிதாசாரப்படியும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வட்டாரந்தோறும் உறுப்பினரோடு பத்துப்பேர் வரை கொண்ட குழு அமைக்கலாம். 1998ஆம் ஆண்டின் உள்ளாட்சி அமைப்புச் சட்டப்படி மரபுத் தலைவர்கள் மன்றக் கூட்டங்களில் பங்கேற்கலாம். அவர்கள் தொகை உறுப்பினர் தொகையில் 20 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது. வாக்களிக்கும் உரிமை இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் தலைவரின் அவையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும் என்றும், 40 விழுக்காட்டினர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது.

இவ்விரு அதிகாரங்களும் ஒரே நிலத்தில் சந்திக்கும் இடம் வீட்டுமனை. ஓர் இளம் குடும்பத்துக்கு மனை காட்டுபவர் இந்துனா. அதனை ஏற்பவர் இன்கோசி. அம்மனைக்குச் சாலையும் குப்பை அகற்றலும் மன்றத்தின் பொறுப்பு; குடிநீரோ மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. 2013ஆம் ஆண்டின் நிலப்பயன்பாட்டுத் திட்டச் சட்டப்படி திட்டமிடும் அதிகாரம் மன்றத்துக்கே உரியது. ஆனால் முகட்டின் எந்தப் பக்கத்தில் வீடு எழும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் தலைவரே. குழாய் செல்லாத சரிவில் வீடு எழுந்தால், வாக்குக் கேட்டு வருபவரிடம்தான் தண்ணீர் எங்கே என்று கேட்கப்படுகிறது.

நிதியிலும் இக்கோடு தெரிகிறது. கடற்கரையில் பட்டா நிலங்களும் ஆலைகளும் கடைகளும் உண்டு. அவை சொத்து வரி தருகின்றன. சிறு கரும்பு விவசாயிகளும் அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களும் நிறைந்த மாபுமுலோவில் அவ்வகை வருவாய் மிகக் குறைவு. ஆதலால் அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்த நடுவண் அரசின் பங்கீட்டையும் மானியங்களையுமே மன்றம் நம்பியுள்ளது. ஒரு காலத்தில் மலையிலிருந்து பணம் கீழே இறங்கியது. இப்போது மேலிருந்து வருகிறது. செலவைத் தீர்மானிக்க வாக்குரிமை உண்டு என்பது பெருமாற்றம். தம் வீட்டுநிலத்தின்மேல் உரிமைப்பத்திரம் இல்லை என்பது மாறாத நிலை. அறக்கட்டளை குடியிருப்போரைக் குத்தகைதாரராக மாற்றி வாடகை பெற முற்பட்டது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2021 ஜூன் மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1849இல் 7 ஷில்லிங்காகத் தொடங்கிய வழக்கு, 'என் வீட்டுக்கு நான் யாருக்கு, ஏன் செலுத்த வேண்டும்' என்னும் அதே கேள்வியோடு நீதிமன்றம் ஏறியது எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, நேட்டாலின் ஒதுக்கு நிலமும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றையொன்று விளக்குவன. ஒன்றைத் தவிர்த்து மற்றொன்றை எழுதுவது குறையுடையது. இரண்டாவது, இன்றைய மலையக உள்ளாட்சியின் வறுமை நிர்வாகக் குறையால் மட்டும் விளைந்ததன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட நிலப்பிரிவினையின் மரபு அது. மூன்றாவது, வாக்குரிமையும் நில உரிமையும் சேர்ந்தே வந்தாலன்றி உள்ளாட்சி நிறைவு பெறாது.

அயலகத் தமிழாய்வுக்கு இதிலிருந்து எழும் பணி தெளிவானது. தோட்டப் பதிவேடுகளையும் கப்பல் பட்டியல்களையும் படிக்கும் நாம், அதே மாவட்டத்து மாஜிஸ்திரேட்டுகளின் கோப்புகளையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். சூலு மொழி அறிந்த ஆய்வாளரும் தமிழ் அறிந்த ஆய்வாளரும் இணைந்து பணியாற்ற வேண்டும். குவாடுகூசாவின் தமிழ்க் குடும்பங்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டுவோர், ஆர்74 சாலையில் மேலும் சிறிது தொலைவு ஏறி, மலைமக்களிடமும் அதே வினாக்களைக் கேட்க வேண்டும். அப்பாசாமியும் முத்துசாமியும் குப்புசாமியும் ஆழ்வாரும் நடந்த வழி அது.